ஊசி முனையும் உணர்திறனும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்கள் தொழில் அனுபவத்திலிருந்து மாணவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி 20 நிமிஷம் பேசுங்கள்" என்று செயலாளர் சொன்னார். நான் இங்கே பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன். படித்து முடித்ததும் திருப்பூருக்குப் போய், ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் சேர்ந்தேன். ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் கேட்பார்கள்: "பிசிக்ஸ் படிச்சவனுக்குப் பனியன்ல என்னப்பா வேலை?" அந்தக் கேள்விக்கு இன்றைக்கு இந்த மேடையில் பதில் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன். பதில் சின்னதுதான். பனியன் கம்பெனியில் ஒரு மெஷின் இருக்கிறது. அதன் உணர்திறனை எந்த அளவில் வைப்பது என்பதுதான் என் வேலையில் பாதி.

அந்த மெஷினுக்கு நீடில் டிடெக்டர் என்று பெயர். உலோகம் கண்டறியும் கருவிகளில் அதுவும் ஒரு வகை. ஒரு சின்ன கன்வேயர் பெல்ட், நடுவில் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு வாசல். அயர்ன் பண்ணி மடித்த துணி அந்த வாசல் வழியாகப் போகும். உள்ளே இரும்பு இருந்தால் பெல் அடித்து பெல்ட் நின்றுவிடும். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போய்ப் பெட்டிக்குள் விழும்.

துணியில் இரும்பு எங்கே வந்தது என்று கேட்பீர்கள். தையல் மெஷின் நிமிஷத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் தையல் போடுகிறது. தடித்த மடிப்பில் இடித்தால் ஊசி ஒடியும். ஒடிந்த முனை எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தரையில் விழலாம், மடிப்புக்குள்ளேயும் மாட்டிக்கொள்ளலாம். அது பெரியவர் சட்டை என்றால் "ஏதோ குத்துது" என்று கழற்றிப் பார்ப்பார். ஆறு மாதக் குழந்தை என்ன செய்யும்? அழும். பசிக்கு அழுகிறது என்று அம்மா மடியில் போட்டு அணைப்பாள். அணைக்க அணைக்க இன்னும் குத்தும். எங்கள் தொழிலில் மனசைப் பிசைகிற விஷயம் இதுதான்.

ஜப்பானில் 1995 ஜூலை 1 முதல் பொருள் பொறுப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. உற்பத்தியாளர் கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. பொருளில் குறை இருந்து அதனால் தீங்கு வந்தது என்றாலே அவர் பொறுப்பு. நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்புக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம். நான் பேச வந்தது அந்த மெஷினின் சென்சிட்டிவிட்டி பற்றி.

பெல் அடிக்காத கதை

இந்தக் கருவியின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1881 ஜூலை 2-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டு வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். குண்டு உடம்புக்குள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் பதினாலு வருஷம் இருக்கிறது. அப்போது உதவிக்கு வந்தவர் நமக்கெல்லாம் தெரிந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல். லண்டனில் ஹியூஸ் செய்து காட்டியிருந்த தூண்டல் தராசு என்ற அமைப்பை எடுத்து, தன்னுடைய தொலைபேசியின் காதுக்குழலை அதில் இணைத்தார். சுருளுக்குப் பக்கத்தில் உலோகம் வந்தால் காதில் ஓசை கேட்கும். பழைய போரில் குண்டடிபட்டு, உடம்பில் இன்னும் குண்டோடு வாழ்ந்துகொண்டிருந்த சிப்பாயிடம் சோதித்துப் பார்த்தார். வேலை செய்தது.

ஜனாதிபதியிடம் இரண்டு முறை முயன்றார். முதல் முறை இணைப்பு சரியில்லாமல் ஒரே இரைச்சல். இரண்டாவது முறை, ஆகஸ்டு 1-ஆம் தேதி, வைத்த இடமெல்லாம் மெல்லிய ஓசை கேட்டது. ஒரு சின்ன ஈயக் குண்டு அவ்வளவு அகலத்துக்கு எப்படி ஓசை தரும்? ஜனாதிபதி படுத்திருந்த மெத்தைக்கு அடியில் எஃகுக் கம்பி மெத்தை ஒன்று இருந்தது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டதாக பெல் எழுதினார். இன்னொன்றும் நடந்தது. குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று தலைமை மருத்துவர் முடிவு கட்டிவிட்டதால், அந்தப் பக்கத்தைத்தான் தேடினார்கள். செப்டம்பர் 19-ஆம் தேதி ஜனாதிபதி இறந்தார். பிரேதப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கம் இருந்தது.

மாணவர்களே, கருவி மோசம் என்று இதில் சொல்ல முடியுமா? அதைக் கூர்மையாக்கிக்கொண்டே போயிருந்தாலும் கம்பி மெத்தையின் ஓசைதான் கூடியிருக்கும். சுற்றுப்புறம் சுத்தமில்லாத இடத்தில் உணர்திறனைக் கூட்டினால் பிரயோஜனம் இல்லை. இந்த ஒரு வரியைத்தான் மீதி நேரம் முழுக்க விரித்துச் சொல்லப் போகிறேன்.

உள்ளே நடப்பது என்ன?

நீடில் டிடெக்டரின் தத்துவம் நம்முடைய ஃபாரடே விதிதான். வாசலுக்கு மேலும் கீழும் காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கின்றன. அசையாத காந்தப் புலத்தில் சுருளுக்கு வேலை இல்லை. ஒரு இரும்புத் துண்டு அந்தப் புலத்தில் நகர்ந்து போகும்போது காந்தப் பாயம் மாறுகிறது. சுருளில் மிகச் சின்ன மின்னழுத்தம் பிறக்கிறது. அதைப் பெருக்கி, ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் பெல் அடிக்க வைக்கிறார்கள். அந்த வரம்பை ஏற்றி இறக்குவதுதான் சென்சிட்டிவிட்டி. முன்பு கையால் திருகுகிற குமிழ் இருந்தது. இன்றைக்குப் பல மெஷின்களில் திரையில் எண் காட்டும். விஷயம் ஒன்றுதான்.

இதிலிருந்து மூன்று செய்திகள் தானாக வருகின்றன. ஒன்று, பொருள் நகர வேண்டும்; ஆகவே பெல்ட்டின் வேகத்தை மாற்றினால் உணர்திறனும் மாறும். இரண்டு, இது காந்தம் ஈர்க்கிற உலோகத்தை மட்டும்தான் காணும். பித்தளை, அலுமினியம் எல்லாம் சத்தமில்லாமல் போய்விடும். "மெஷின் பாஸ் பண்ணிடுச்சு" என்றால் "இரும்பு இல்லை" என்று மட்டும்தான் அர்த்தம். மூன்று, சுருளிலிருந்து தள்ளிப் போகப் போக சமிக்ஞை வேகமாகக் குறையும். மேலும் கீழும் சுருள் இருப்பதால் நடு உயரம்தான் பலவீனமான இடம்.

அளவைச் சோதிக்க ஒரு பிளாஸ்டிக் கார்டு உண்டு. அதற்குள் சின்ன எஃகு உருண்டை பதித்திருக்கும். 1.0 மி.மீ., 1.2 மி.மீ., 1.5 மி.மீ. என்று விட்டம் எழுதியிருப்பார்கள். 1.2-க்கும் 1.0-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் கன அளவு விட்டத்தின் மும்மடிப்படி மாறும். 1.2 உருண்டையில் இருக்கும் இரும்பில் 58 சதவீதம்தான் 1.0 உருண்டையில் இருக்கிறது. பையர் "1.2 வேண்டாம், 1.0 வையுங்கள்" என்று சொன்னால், கிட்டத்தட்டப் பாதி இரும்பை வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கச் சொல்கிறார்.

செட் பண்ணும் முறை

புதிதாகச் சேருகிற பையன்கள் வந்தவுடனே சென்சிட்டிவிட்டியை முழுசாக ஏற்றிவிடுவார்கள். அதிகம் என்றால் பாதுகாப்பு என்று நினைப்பு. ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஒரு ஷிப்டில் பத்தாயிரம் பீஸ் போகிறது. நூற்றில் ஒன்றுக்கு வீண் பெல் அடிக்கிறது. நூறு வீண் பெல் ஆயிற்று. உண்மையான ஊசி அன்றைக்கு ஒன்றே ஒன்று. அந்த நூற்றொரு பெல்லையும் ஒரே கவனத்தோடு பார்க்க மனுஷனால் முடியுமா? முப்பதாவது பெல்லிலேயே அந்தப் பெண், "இது சும்மா அடிக்குதுங்க சார்" என்று துணியைத் திருப்பி விட்டுவிடுவாள். மிகக் கூர்மையாக வைத்த மெஷினும் மிக மந்தமாக வைத்த மெஷினும் கடைசியில் ஒரே பலனைத்தான் தரும்: ஊசி பெட்டிக்குள் போய்விடும்.

நாங்கள் செய்கிற முறை இது. மெஷினைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஓட விட வேண்டும். பிறகு வெறும் பெல்ட்டை ஓட்டியபடி உணர்திறனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். காரணமில்லாமல் பெல் அடிக்கத் தொடங்குகிற இடம் ஒன்று வரும். அங்கிருந்து பின்வாங்கி, நிம்மதியாக மௌனமாக இருக்கும் அளவுக்கு இறக்க வேண்டும். இப்போது கார்டை அனுப்ப வேண்டும். சும்மா ஒரு தடவை அல்ல. இடது, நடு, வலது. ஒவ்வொன்றிலும் கீழ், நடு, மேல் என்று ஒன்பது இடம். ஒன்பதிலும் தவறாமல் அடித்தால்தான் சரி. கார்டைச் சுருளை ஒட்டி மேலே பிடித்து அனுப்பி "ஓ.கே." எழுதுவது தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வது.

கார்டில் இருப்பது உருண்டை. எப்படிப் போட்டாலும் உருண்டைதான். ஊசி அப்படியா? நீளமானது. ஒரு திசையில் போனால் நன்றாகத் தெரியும். குறுக்கே திரும்பிப் போனால் அதே ஊசி மங்கிப் போகும். அதனால்தான் ஒரே பீஸை இரண்டாவது தடவை 90 டிகிரி திருப்பி அனுப்பச் சொல்கிறோம்.

சரி, வெறும் பெல்ட்டில் மௌனமாக இருக்கும் அளவுக்கு இறக்கினால் கார்டுக்கு அடிக்க மாட்டேன் என்கிறது. கார்டுக்கு அடிக்கும் அளவுக்கு ஏற்றினால் சும்மாவும் அடிக்கிறது. என்ன செய்வது? இங்கேதான் எல்லாரும் குமிழோடு மல்லுக்கட்டுவார்கள். அப்போது குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சுற்றிலும் பார்க்க வேண்டும்.

நம் ஆய்வகத்தில் விலகு காந்தமானி செய்முறை செய்த நாள் நண்பர்களுக்கு நினைவிருக்கும். பெட்டியைத் திறக்கும் முன்பே சார் சொல்வார்: "சாவிக்கொத்து, கைக்கடிகாரம், பெல்ட் எல்லாம் தூர வை. ஸ்டூலை நகர்த்து." அப்போது சிரித்தோம். திருப்பூரில் அந்த ஒரு வாக்கியம் எனக்கு எத்தனை தடவை கைகொடுத்தது தெரியுமா? மெஷினுக்குப் பக்கத்தில் இரும்புச் சக்கர டிராலி போகும். செக்கிங் பெண் இடுப்பில் கட்டிய நூல் கத்தரி ஆடும். பக்கத்துச் சுவருக்குப் பின்னால் லிப்ட் மோட்டார் ஓடும். எர்த் சரியாக இருக்காது. தரை சமமில்லாமல் மெஷினே அதிரும். பெல்ட்டிலேயே ஒரு ஸ்டேப்ளர் பின் குத்திக்கொண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பெல் அடிக்கும். இவற்றை ஒவ்வொன்றாக விலக்கினால், அதே மெஷின், அதே அளவில், சாதுவாகிவிடும். கார்ஃபீல்டின் கம்பி மெத்தையை உருவி எடுப்பது என்று இதற்கு எங்கள் பிரிவில் பெயர்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி

கம்பெனி பெயர் வேண்டாம். குழந்தைகள் போடும் ராம்பர், அடியில் மூன்று ஸ்னாப் பட்டன். மறுநாள் மத்தியானம் கண்டெய்னர் கிளம்ப வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வந்தது. "சார், பெல் அடிச்சுக்கிட்டே இருக்குதுங்க. ஒரு பீஸ் கூட பாஸ் ஆகலீங்க."

போய்ப் பார்த்தேன். வெறும் பெல்ட்டில் மௌனம். கார்டுக்கு ஒழுங்காக அடிக்கிறது. பழைய பெட்டியிலிருந்து ஒரு பீஸ் எடுத்து விட்டால் போகிறது. புதிய லாட்டில் எதை விட்டாலும் அடிக்கிறது. பையில் எப்போதும் ஒரு சின்னக் காந்தம் வைத்திருப்பேன். ஸ்னாப் பட்டனில் வைத்தேன், ஒட்டிக்கொண்டது. துணியைப் பிடித்துக்கொள்கிற பல் வளையம் பித்தளையாக இருக்க வேண்டும். சாம்பிளில் பித்தளைதான் கொடுத்திருந்தார்கள். இரண்டாவது லாட்டில் இரும்புக்கு முலாம் பூசி அனுப்பிவிட்டார்கள்.

புரொடக்‌ஷன் மேனேஜர் நல்ல மனுஷன். அவர் சொன்னதை நீங்களும் நியாயம் என்றுதான் நினைப்பீர்கள். "ஏனுங்க, காரணம் பட்டன்தான்னு தெரிஞ்சு போச்சுல்லங்க. பட்டனுக்கு அடிக்காத அளவுக்கு மெஷினக் கொஞ்சம் இறக்கி வெச்சா என்னங்க? நாளைக்குச் சனிக்கிழமை. சம்பளம் போடணும். இத்தன குடும்பத்தையும் பாக்கணுமில்லீங்களா?"

நான் சொன்னேன்: "சார், பட்டன் வளையத்துல இருக்கிற இரும்பு எவ்வளவு, ஒரு ஊசி முனையில இருக்கிற இரும்பு எவ்வளவு? பட்டனுக்கே வாயைத் திறக்காத மெஷின் ஊசி முனைக்கு எப்படிங்க திறக்கும்? அப்புறம் மெஷின் ஓடறதும் ஒண்ணுதான், ஓடாததும் ஒண்ணுதான்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரிங்க, என்ன பண்ணலாம்னு சொல்லுங்க" என்றார்.

காந்தத்தை வைத்து லாட்டைப் பிரித்தோம். இரும்பு வளையம் இருந்த பீஸ்களில் பட்டனைக் கழற்றி, வேறு பித்தளை பட்டன் வரவழைத்துப் போட்டோம். இரண்டு நாள் ஆயிற்று. கண்டெய்னர் நமக்காகக் காத்திருக்கவில்லை. சரக்கு விமானத்தில் போயிற்று. அந்த ஆர்டரின் லாபமும் அதோடு பறந்து போயிற்று.

பட்டன் மாற்றிய பீஸ்களைப் பழைய அளவிலேயே மறுபடி ஓட்டினோம். வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. ஓரிடத்தில் பெல் அடித்தது. திருப்பி விட்டோம், மறுபடி அடித்தது. மடிப்பைப் பிரித்துப் பகுதி பகுதியாக விட்டுப் பார்த்தோம். தோள் தையலுக்குள் இருந்தது. ஊசி முனை. அரிசியில் பாதி நீளம் கூட இல்லை. முதல் நாள் ராத்திரி, பட்டன் அடித்த அத்தனை பெல்லுக்கு நடுவில் இதுவும் ஒரு பெல்லாக அடித்திருக்கும். யாருக்குத் தெரிந்திருக்கும்? மேனேஜர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் வீட்டிலும் அப்போது கைக்குழந்தை.

மனுஷனின் உணர்திறன்

கதை இங்கே முடியவில்லை. எங்கள் தொழிலில் ஊசி ரெஜிஸ்டர் என்று ஒன்று உண்டு. ஊசி ஒடிந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்தக் கட்டு முழுவதையும் ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த லைனின் ரெஜிஸ்டரைப் புரட்டினோம். ஊசி ஒடிந்ததாகப் பதிவே இல்லை. யாரோ சொந்தக் காசில் ஊசி வாங்கிப் போட்டுக்கொண்டு தைத்திருக்கிறார்கள். ஏன்? புது ஊசி கேட்கப் போனால் சூப்பர்வைசர் நாலு பேர் முன்னால் திட்டுவார். பீஸ் ரேட்டில் தைப்பவருக்குத் தேடுகிற நேரமெல்லாம் கூலி நஷ்டம்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. மெஷினை 1.0-வில் வைத்துவிட்டோம், ஆனால் அந்தத் தையல்காரரின் வாயை நாமே அடைத்து வைத்திருக்கிறோம். திட்டு விழுகிற இடத்தில் மனுஷன் பெல் அடிக்க மாட்டான். அடுத்த வாரமே விதியை மாற்றினோம். ஊசி ஒடிந்ததற்கு யாரையும் திட்டக் கூடாது; தேடுகிற நேரத்துக்கும் கூலி உண்டு. அதற்குப் பிறகு ரெஜிஸ்டரில் ஒடிந்த ஊசிகளின் எண்ணிக்கை கூடியது. முதலாளி பயந்துவிட்டார். "ஒடியறது கூடல சார், சொல்றது கூடியிருக்கு" என்று விளக்க வேண்டியிருந்தது.

இன்னும் இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, சென்சிட்டிவிட்டியை மாற்றும் சாவி உற்பத்திப் பிரிவிடம் இருக்கக் கூடாது. அவர்கள் கெட்டவர்கள் என்பதற்காக அல்ல; எத்தனை பீஸ் போயிற்று என்று பதில் சொல்ல வேண்டியவர் கையில் அந்தச் சாவி இருந்தால் அவருக்கே அது சங்கடம். இரண்டு, மணிக்கு ஒரு தடவை கார்டு விட்டு எழுதி வைக்க வேண்டும். காரணம் எளிது. ஒரு சோதனையில் கார்டுக்கு அடிக்கவில்லை என்றால், கடைசியாகச் சரியாக அடித்த நேரத்திலிருந்து போன எல்லாப் பீஸையும் திரும்பப் பிரித்து ஓட்ட வேண்டும். மணிக்கு ஒரு தடவை சோதித்தால் ஒரு மணி நேர வேலை. காலையில் மட்டும் சோதித்தால் ஒரு நாள் வேலை. அதற்குள் பாதி லாரியில் ஏறியிருக்கும்.

மாணவ மாணவியரே, உங்களில் பலர் நாளைக்கு ஏதாவது ஒரு கருவிக்கு முன்னால் உட்காரப் போகிறீர்கள். ஆஸ்பத்திரி மானிட்டராக இருக்கலாம், பாய்லர் அலாரமாக இருக்கலாம், பேங்க் கம்ப்யூட்டர் காட்டுகிற சிவப்பு எழுத்தாகவும் இருக்கலாம். எல்லாவற்றிலும் எங்கோ ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். சத்தம் தாங்கவில்லை என்று யாராவது ஒருநாள் அதை இறக்கச் சொல்வார். அப்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? இறக்கினால் இதோடு சேர்ந்து வேறு எது மௌனமாகும்? பதில் தெரிந்த பிறகு குமிழில் கை வையுங்கள். இந்த இரண்டு கேள்வியையும் கேட்கிற பழக்கத்தை எனக்கு இந்தக் கல்லூரியின் ஆய்வகம்தான் கொடுத்தது. பனியன் கம்பெனியில் பிசிக்ஸுக்கு என்ன வேலை என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கும் இதுதான் பதில்.